நீண்ட விடுப்பில் இருப்பவர்

அத்தியாயம் 11

சதவீதம் அன்று காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று டையைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

சதவீதம் என்பது பெரியவளின் கணவனுக்கு வங்கியில் வைத்திருந்த பெயர். மனித வளத் துறைக்குத் தலைவன். விருந்துக்குப் போய்விட்டு வந்தவனிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் "எழுபது சதவீதம் திருப்தி" என்பான். முதுகுக்குப் பின்னால் வழங்கிய அந்தப் பெயரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் சின்னவள், பெரியவளின் தங்கை. அதே வங்கியில் கடன் பிரிவில் அவளுக்கு வேலை.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் அவள் போட்ட குண்டு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அவள் கைபிடித்து வேலை சொல்லிக்கொடுத்த பக்கத்து மேஜைக்காரன் அவளைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகச் சம்பளம் வாங்குகிறான். "ஏன் அத்தான்?" என்று கேட்டாள். சதவீதம் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, "ஒப்பீடு முடியட்டும்மா, பார்க்கலாம்" என்றான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவள், அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

ஒப்பீடு என்பது வருஷம் தவறாமல் நடக்கும் ஒரு கூத்து. வங்கி, காப்பீடு, முதலீடு என்று பணத்தைப் புரட்டும் நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஓர் ஆய்வு நிறுவனம் வரிசையாக நிற்கவைக்கும். ஆணுக்கு என்ன சம்பளம், பெண்ணுக்கு என்ன சம்பளம், மேல் பதவியில் பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று பார்த்து இடம் கொடுக்கும். முன்னால் வந்த நிறுவனம் அதை வாசலில் தட்டி கட்டிக் கொண்டாடும். பின்னால் வந்த நிறுவனம் "ஆய்வு முறையே சரியில்லை" என்று அறிக்கை விடும். போன வருஷம் அறிக்கை விட்டது சதவீதத்தின் வங்கி. இந்த வருஷம் முதல் மூன்று இடங்களில் ஒன்று கிடைத்துவிட்டால் சதவீதத்துக்குத் துணைத் தலைவர் நாற்காலி என்று பேச்சு.

"இன்னிக்கு உனக்கு ஒரு ஃபோன் வரும்" என்றான், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

"யார்கிட்டேர்ந்து?"

"ஆய்வுக்காரங்க. சும்மா சரிபார்க்கறதுக்கு. கேக்கற கேள்விக்கெல்லாம் ஆமான்னு சொல்லிடு."

"என்ன கேப்பாங்க?"

"உன் பழைய வேலையைப் பத்தி. ஏதோ. நீ ஆமான்னு மட்டும் சொல்லு, போதும். விளக்கம் எல்லாம் வேண்டாம். உனக்கு விளக்கம் சொல்ற வியாதி உண்டு."

பெரியவள் அவன் முதுகைப் பார்த்தாள். சட்டையின் இஸ்திரி மடிப்பு ஒன்று கோணலாக விழுந்திருந்தது. சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் விட்டாள். சமீப காலமாக இந்த மாதிரிச் சின்னச் சின்னக் கஞ்சத்தனங்களில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது.

அவளும் அதே வங்கியில் உதவி மேலாளராக இருந்தவள்தான். மகள் பிறந்ததும், "புருஷன் மனித வளம், பெண்டாட்டி அதே வங்கின்னா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்று ஆரம்பித்தான். பேசின நாலு பேர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. வேலையை விடுவது என்று முடிவானபோது, "ராஜினாமா எழுதணுமா?" என்று கேட்டாள். "நீ எதுக்கு அலட்டிக்கறே? நான் பார்த்துக்கறேன்" என்றான். அன்றையிலிருந்து எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவளை மட்டும்தான் பார்ப்பதில்லை.

மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. சின்னப் பெண்ணின் குரல். ஒரே கேள்விகளைப் பலரிடம் கேட்டுக் களைத்த குரல்.

"மேடம், நீங்க வங்கியில மூத்த மேலாளரா இருக்கீங்க, சரிங்களா?"

பெரியவளின் கையில் இருந்த ஈரத் துணி தரையில் சொட்டியது.

"என்னவா இருக்கேன்?"

"மூத்த மேலாளர், மேடம். இப்ப நீண்ட விடுப்புல இருக்கீங்க. கடைசியா பதவி உயர்வு போன வருஷம் வந்திருக்கு. அதுக்கு முன்னாடி ஒண்ணு. ரெண்டுமே விடுப்புல இருக்கும்போது. ரொம்ப நல்ல நிர்வாகம் மேடம், வேற எங்கேயும் இப்படிப் பார்த்ததில்லை."

அந்தப் பெண் கிண்டல் செய்யவில்லை. மனசாரத்தான் சொன்னாள். பெரியவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வேலையில் இருந்தவரைக்கும் ஒரு பதவி உயர்வுக்கு நாயாய் அலைந்தவள் அவள். வேலையை விட்டு அடுப்படிக்கு வந்த பிறகு, கேட்காமலே இரண்டு பதவி ஏறியிருக்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் துணி உலர்த்தினால் தலைவராகக்கூட ஆகியிருப்பாள்.

சிரிப்பு அடங்கியதும்தான் உறைத்தது. அவள் பெயரை அவளுக்கே தெரியாமல் எடுத்துப் புழங்கியிருக்கிறான் சதவீதம். பெண்டாட்டியின் வளையலை அடகு வைப்பவன்கூட வளையல் காணோமே என்று அவள் தேடும்போது கொஞ்சம் முழிப்பான். இவன் காலையில் டை கட்டிக்கொண்டு, 'ஆமான்னு சொல்லு' என்று உத்தரவு போட்டுவிட்டுப் போகிறான்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? மூத்த மேலாளர்னு வெச்சுக்கலாங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதோடு சதவீதத்தின் நாற்காலி காலி. வாய்வரை வந்ததை அவள் நிறுத்தினாள்.

"ஆமாம்மா. மூத்த மேலாளர்தான். ஆனா ஒரு திருத்தம். விடுப்பு நேத்தோட முடிஞ்சது. இன்னிக்கு வேலைக்குத் திரும்பறேன். எழுதிக்கோ."

"அப்படீங்களா! வாழ்த்துகள் மேடம்!"

மிச்சத் துணியை உலர்த்தி முடித்தாள். பக்கத்து வீட்டு அம்மாவிடம், மகள் வந்தால் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அலமாரியின் அடியில் கிடந்த கறுப்புச் செருப்பை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

வங்கிக்கு எதிர்ச் சந்தில் இருந்த காபிக் கடைக்குச் சின்னவளை வரச்சொல்லியிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளும் சேர்ந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தாள். சின்னவள் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உனக்கு ரெண்டு பதவி உயர்வு" என்றாள் மெதுவாக. "எனக்கு ஒண்ணு தர்றதுக்கு இடம் இல்லைன்னு சொன்னாங்க. இப்பத்தானே தெரியுது, அந்த இடத்துல யார் உக்காந்திருக்கான்னு."

"நானாடீ உக்காந்தேன்?"

"சம்பளக் கணக்கு எப்படி வருதுன்னு எனக்குப் புரியாமலே இருந்தது. பெண்களோட சராசரிச் சம்பளம் ஆண்களுக்குக் கிட்டத்தட்ட சமம்னு அத்தான் மேடை போட்டுப் பேசறார். எந்தப் பெண்ணுக்குடா அவ்வளவு தர்றாங்கன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். உனக்குத்தான்! யாருக்கும் கொடுக்காத மூத்த மேலாளர் சம்பளத்தைக் கொண்டுவந்து என் சம்பளத்தோட கூட்டிச் சராசரி போட்டா, நானும் நல்லா சம்பாதிக்கற மாதிரி தெரியுமில்ல? நீ வாங்காத காசுல நான் பணக்காரி."

பெரியவள் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு நீ ஆமான்னு வேற சொல்லியிருக்கே. ஏன்க்கா? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னிக்கே இந்தக் கூத்துக்கு மங்களம் பாடியிருக்கலாம். புருஷனைக் காப்பாத்தணும். அதானே?"

"இல்லைன்னு சொன்னா அவருக்கு வேலை போகும். அவ்வளவுதான். அடுத்து வேற ஒருத்தன் வந்து வேற ஒருத்தி பேரை எழுதுவான். ஆமான்னு சொன்னா எனக்கு வேலை வரும்."

"நடக்கற காரியமா பேசு."

"ஊழியர்னு அவங்களே சொல்றாங்க. வந்த ஊழியரை எந்த வாயால போகச் சொல்லுவாங்க?"

சின்னவள் அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பாசமும் இருந்தது, கசப்பும் இருந்தது. "எனக்கு வர வேண்டிய நாற்காலியில நீ போய் உக்காரப் போறே. உன்னை நான் வாழ்த்தணுமா, திட்டணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காசை வைத்துவிட்டுப் போனாள்.

வங்கியின் கீழ்த்தளம் பளபளவென்று மாறியிருந்தது. சுவர் முழுக்க, 'எல்லோரும் சமம், எல்லோரும் நாம்' என்ற வாசகத்தோடு ஊழியர்களின் படங்கள். நடுவில் சின்னவள், பல் தெரியச் சிரித்தபடி. அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர், வங்கியின் வாசல்படிகளுக்கு மேலே. அந்தப் படிகளில் சாய்தளம் கிடையாது. நாலு பேர் அவரைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, அந்த நாலு பேரும் ஒதுங்கிய பிறகு எடுத்த படம் என்று சின்னவள் ஒருதரம் சொல்லியிருக்கிறாள். இன்றும் அவர் பின்பக்கம் சரக்கு ஏற்றும் வழியாகத்தான் உள்ளே வருகிறாராம்.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் பார்வையாளர் அட்டையை நீட்டினாள்.

"நான் பார்வையாளர் இல்லைம்மா. ஊழியர். விடுப்பு முடிஞ்சு வந்திருக்கேன். கம்ப்யூட்டர்ல பாரு."

அவள் பார்த்தாள். பார்த்ததும் எழுந்து நின்றாள். "மன்னிச்சுக்கோங்க மேடம், தெரியலை. உங்க அடையாள அட்டை..."

"தொலைஞ்சு போச்சு. மனித வளத் தலைவரை வரச்சொல்லு, புதுசு போட்டுத் தருவார்."

சதவீதம் வந்த வேகத்தில் டை தோளுக்கு மேல் பறந்தது. அவள் கையைப் பிடிக்காத குறையாகப் பக்கத்தில் இருந்த கண்ணாடி அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். வெளியில் இருந்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் முகத்தில் ஒரு புன்னகையை ஒட்டவைத்திருந்தான். அந்தப் புன்னகைக்கு அடியில் பல்லைக் கடித்தான்.

"உனக்குப் பைத்தியமா? இங்க எதுக்கு வந்தே?"

"வேலைக்கு."

"விளையாடாதே. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுலதான் இத்தனை வருஷம் இருந்தேனே, அப்ப ஒரு வார்த்தை சொன்னீங்களா? ரெண்டு தடவை பதவி உயர்வு வந்திருக்கு. ஒரு தடவையாவது 'வாழ்த்துகள்'னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"மெதுவா பேசு. இது ஒரு ஏற்பாடு. யாருக்கும் நஷ்டம் இல்லை. எல்லா வங்கியும் ஏதாவது ஒரு வகையில செய்யறதுதான். எதிர் வங்கியில கூட்டிப் பெருக்கற அம்மாக்களையெல்லாம் அதிகாரி கணக்குல காட்டறான், தெரியுமா? நான் அவ்வளவு கேவலமா போகலை. படிச்ச பெண்கள், ஒரு காலத்துல நிஜமா இங்க வேலை பார்த்தவங்க, அவங்களை மட்டும்தான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"அவங்களையா?" என்றாள் பெரியவள். "நான் ஒருத்தி மட்டும் இல்லையா?"

சதவீதம் தோளில் கிடந்த டையை இழுத்து நேராக்கினான்.

அவள் அவனை நிதானமாகப் பார்த்தாள். கோபம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. இந்த மனிதன் திருடியிருந்தால்கூட அவளால் கொஞ்சம் மதித்திருக்க முடியும். திருட்டுக்குத் தைரியம் வேண்டும். இவன் செய்தது அதுகூட இல்லை. வேலையை விட்டுப்போன பெண்களைக் கணக்கில் உயிரோடு வைத்துக்கொண்டு, வேலையில் இருக்கிற பெண்ணிடம் இடம் இல்லை என்று கைவிரித்திருக்கிறான். அதற்கு மேல் 'நான் கேவலமாகப் போகவில்லை' என்று பெருமை வேறு.

"எத்தனை பேர்?"

"உன் கால்ல விழறேன், வீட்டுக்குப் போ."

"இங்கே விழாதீங்க. கண்ணாடி அறை. ஊரே பார்க்கும்."

அப்போது கதவு திறந்தது. வங்கியின் தலைவர், பின்னால் இரண்டு பேரோடு. பேசும்போது எதிராளியின் தலைக்கு ஒரு சாண் மேலே பார்த்துப் பேசும் பழக்கம் அவருக்கு.

"என்னப்பா, உன்னைத் தேடிக்கிட்டே இருக்காங்க. இவங்க யாரு?"

சதவீதம் வாயைத் திறந்தான். மனைவி என்று சொன்னால், மனைவிக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்வி வரும். வரவேற்புப் பெண்ணோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து புது அடையாள அட்டைக்கான ரிப்பனோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம மூத்த மேலாளர் சார்" என்றான். "நீண்ட விடுப்புல இருந்தாங்க. இன்னிக்குத்தான் திரும்பினாங்க."

"பிரமாதம்!" என்றார் தலைவர், பெரியவளின் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்து. "நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. சம்பள மறுஆய்வுக் குழுவுல ஒரு பெண்கூட இல்லைன்னு ஆய்வுக்காரங்க குத்திக் காட்டியிருக்காங்க. இப்பக் குழு கூடுது. இவங்களைச் சேர்த்துக்கோ. ஒரு படமும் எடுத்துடு."

இப்படியாக, வேலைக்கு வந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள், வங்கியில் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று தீர்மானிக்கும் குழுவில் பெரியவள் உறுப்பினரானாள். அவளுக்கு என்ன தெரியும் என்று அந்த இடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பொம்மை வாங்குகிறவன்கூடத் திருப்பிப் பார்த்து வாங்குவான்.

நாலாவது மாடிக்குப் போகும் வழியில் கடன் பிரிவு இருந்தது. சின்னவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா, அத்தான், தலைவர் என்று ஊர்வலம் போவதைப் பார்த்தாள். பக்கத்து மேஜைக்காரன் அவளிடம் ஏதோ சந்தேகம் கேட்டான். அவனுக்கு விளக்கம் சொல்லக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு நிமிரவில்லை.

கூட்ட அறையில் நீள மேஜை. ஐந்து ஆண்கள். தலைவர், சதவீதம், கடன் பிரிவின் மேலாளர், சட்ட ஆலோசகர், மேஜையின் கோடியில் நிதித்துறைத் தலைவர். இந்தக் கடைசி மனிதரைப் பெரியவளுக்கு அந்தக் காலத்திலேயே தெரியும். கலகலப்பானவர். இப்போது கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எதிரில் ஆறிப்போன டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் எடுப்பவன் பெரியவளை நடுவில் உட்காரவைத்தான். "மேடம், ஏதோ பேசற மாதிரி கையை நீட்டுங்க. மத்தவங்க கேக்கற மாதிரி பாருங்க." ஐந்து ஆண்களும் ஒரு பெண் பேசுவதைக் கேட்பது போல முகத்தை வைத்துக்கொள்ளக் கஷ்டப்பட்டார்கள். பழக்கமில்லாத வேலை.

படம் முடிந்ததும் கடன் பிரிவு மேலாளர், "அவ்வளவுதாம்மா, நீங்க கிளம்பலாம். முதல் நாள், ஓய்வெடுத்துக்கோங்க" என்றார்.

"வருஷக்கணக்கா ஓய்வுதானே எடுத்தேன்" என்றாள் பெரியவள். நாற்காலியை மேஜைக்கு இன்னும் நெருக்கி இழுத்துப் போட்டாள். "ஆரம்பிக்கலாம் சார். எனக்கு ரெண்டு கேள்வி. உங்க பிரிவுல பக்கத்துப் பக்கத்து மேஜையில ஒரே வேலை செய்யற ரெண்டு பேருக்கு வேற வேற சம்பளம். ஏன்? அது ஒண்ணு."

கடன் பிரிவு மேலாளர் சதவீதத்தைப் பார்த்தார். சதவீதம் ஜன்னலைப் பார்த்தான்.

"ரெண்டாவது, என்னை மாதிரி நீண்ட விடுப்புல இன்னும் எத்தனை பேர் இருக்காங்க? எல்லாரையும் நாளைக்கே வேலைக்குக் கூப்பிடணும். ஆள் பற்றாக்குறைன்னு கேள்விப்பட்டேன்."

தலைவரின் கண் முதல்முறையாகக் கடிகாரத்திலிருந்து இறங்கி அவள் முகத்துக்கு வந்தது. "என்ன சொல்றாங்க இவங்க?" என்று சதவீதத்தைக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லை சார். இவங்களுக்கு நடைமுறை புரியலை. புதுசு..."

"எனக்கும் புரியலை" என்றது மேஜைக் கோடியிலிருந்து ஒரு குரல்.

நிதித்துறைத் தலைவர். குரலை உயர்த்தவில்லை. சதவீதத்தை மட்டும் பார்த்துப் பேசினார்.

"என் வீட்டுக்காரி இங்க கிளையில வேலை பார்த்தவதானே? உனக்குத் தெரியுமே. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தே. அடக்கத்துக்கும் வந்தே. பூ வெச்சே."

சதவீதத்தின் கை டையின் முடிச்சைத் தேடிப் போனது.

"அவ ஃபோனை நான் இன்னும் அணைக்கலை. மனசு வரலை. இன்னிக்குக் காலையில அதுல ஒரு அழைப்பு வந்தது. ஒரு சின்னப் பொண்ணு. மூத்த மேலாளர் மேடம் இருக்காங்களான்னு கேட்டா."

அவர் டீக் கோப்பையை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"எனக்குப் பேச்சு வரலை. 'மேடம் வெளியே போயிருக்காங்களா சார், மத்தியானம் கூப்பிடட்டுமா'ன்னா. நானும் சரின்னுட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்பிடுவா." சட்டைப் பையிலிருந்து அந்த ஃபோனை எடுத்து மேஜைமேல் வைத்து, சதவீதத்தின் பக்கம் நகர்த்தினார். "இந்தா. நீயே எடுத்துப் பேசு."